தலைவர் பேரில் ஒரு வித்யா அர்ச்சனை

நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, என்னோடு வேலை பார்த்த ஷைனி கேட்டாள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் நிறுத்தாமல் எழுதிவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால், "ஒரே ஒரு சங்கதி போதும் அண்ணே. அந்த அர்ச்சனை சங்கதி மட்டும்" என்று முதலிலேயே வேலி கட்டிவிட்டாள்.

நான் படித்தது பத்தாம் கிளாஸ். டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் உதியன்குளங்கரையில் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்தேன். கல்யாண நோட்டீசும் மரண அறிவிப்பும் அடித்து அடித்துக் கம்ப்யூட்டர் பழகினேன். பிறகு நம் கம்பெனிக்கு வந்து, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, பகவான் கிருபையால் புரோகிராமும் எழுதப் படித்தேன். ஆகவே ஏபிஐ என்றால் என்ன என்று புத்தகத்தில் உள்ளதை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் புரிந்தவரை, ஒருவர் கேட்கிறார், சர்வர் பதில் சொல்கிறது. எப்படிக் கேட்பது என்று எல்லோரும் படித்துக்கொண்டு வருகிறீர்கள். எதுவரை பதில் சொல்வது என்பதில்தான் நாங்கள் அடி வாங்கினோம்.

முதல் அடி சின்னது, பூவாரில் கிடைத்தது. அங்கே சுற்றுலாப் படகுகளுக்கு ஒரு புக்கிங் செய்து கொடுத்திருந்தோம். படகுக்காரரின் பெயர் கேட்டால் சர்வர் அவரைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பும். ஸ்கிரீன் அதில் பெயரையும் படத்தையும் மட்டும் எடுத்துக் காட்டும். ஒரு நாள் ஸ்கிரீனை மாற்றி எழுதியவர்கள், வந்ததையெல்லாம் காட்டிவிட்டார்கள். ஒரு படகுக்காரரின் படத்துக்குக் கீழே, ஆபீஸ்காரர்கள் தங்களுக்குள் எழுதி வைத்திருந்த குறிப்பு வந்து நின்றது: "பாடத் தொடங்கினால் நிறுத்த மாட்டார், கவனிக்கவும்." அதைப் பார்த்த ஒரு குடும்பம் அந்த ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறி, போய்வந்த நேரமெல்லாம் பாட்டுக் கேட்டுக் கைதட்டி இறங்கியது. படகுக்காரருக்கு அன்றைக்குப் பெரிய கௌரவம். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம்.

இனி கோயில் சங்கதி. கோயில் எது என்று சொல்ல மாட்டேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், நாளை மாற்றியிருக்கிறேன், ஒருவருடைய வேலையையும் மாற்றியிருக்கிறேன். ஷைனி மட்டும் ஷைனிதான், அவள் சம்மதம் தந்துவிட்டாள். ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்பது போகப்போகப் புரியும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளும் நம்மிடம் இருப்பதால் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கோயிலில் வழிபாடு எழுதுவது, அதாவது அர்ச்சனைச் சீட்டு எடுப்பது, பேரும் நாளும் சொல்லித்தான். நாள் என்றால் ஜென்ம நட்சத்திரம். யாருடைய பேருக்கு வேண்டுமானாலும் யாரும் எழுதலாம். துபாயில் இருக்கிற மகனுக்கு அம்மா எழுதுவாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு, கோயிலுக்கே வராத மரியம்மா ஆளனுப்பி எழுதுவாள். பூஜை முடிந்ததும் கவுண்டரில் உள்ளவர் மைக்கில் பேரும் நாளும் வழிபாடும் சொல்லி அழைப்பார். யாராவது போய் இலைத்துண்டில் பிரசாதம் வாங்கிக்கொள்வார்கள். எழுதியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. எழுதி வைக்காததால் எங்கள் புரோகிராமிலும் அது ஏறவில்லை.

நாங்கள் செய்து கொடுத்தது கோயிலுக்கு ஒரு ஆப், ஒரு வெப்சைட். அதில் ஒரு பக்கம் உண்டு. பேரும் நாளும் அடித்தால் அந்தப் பேரில் நடந்த வழிபாடுகள் வரும். சர்வர் பதிலில் இவை மட்டுமா போனது? எழுதியவர் யார், அவர் போன் நம்பர் என்ன, எந்த நேரத்தில் எழுதினார், எல்லாம் போனது. ஸ்கிரீன் நாலே காரியத்தைக் காட்டிவிட்டு மீதியை மடியில் கட்டி வைத்துக்கொள்ளும். ஷைனியைக் குறை சொல்ல முடியாது. கோயில்காரர்கள் வாரம் ஒரு புதுக் காரியம் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சர்வரைத் திறக்க வேண்டாமே என்று எல்லாவற்றையும் அனுப்பி வைத்தாள். நானும் அது நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

கோயில் கமிட்டித் தலைவரை கோபாலன் என்று வைத்துக்கொள்வோம், விசாகம் நாள். நல்ல மனுஷன். கோயிலுக்காக ஓடுவார். ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் பிறகு அந்த முடிவைப் பெற்ற பிள்ளை போலக் காப்பாற்றுவார். ஒரு விசேஷ நாளில் வடக்கு வாசல் வழியாக ஓர் ஆடு நுழைந்து, விருந்தினருக்குப் போட வைத்திருந்த மாலையை அவர் கண்முன்னாலேயே தின்றது. மறுநாள் வடக்கு வாசலுக்குப் பூட்டு விழுந்தது. வடக்கே குடியிருக்கிறவர்கள் அதன் பிறகு நெடுஞ்சாலையைச் சுற்றி வர வேண்டும். விடிவதற்கு முன்னால் அந்த ரோட்டில் நாகர்கோவில் பஸ்ஸும் கல் ஏற்றிய லாரியும் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலில் அடித்துத் தெளிக்கும், அதாவது முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும், வேலை பார்க்கும் சுலோசனா, தினமும் அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அவள் ஒரு நாள் கோயில் ஆபீஸ் வாசலில் நின்று தலைவரிடம் கேட்டதை நானே பார்த்தேன். "ஆட்டுக்கு நீ ஜாமீன் நிப்பியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை வித்யா அர்ச்சனை உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தி வர எழுதுவது. மைக்கில் வரிசையாகச் சின்னப் பிள்ளைகளின் பேர் வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில், கவுண்டரில் இருந்த பிஜு, தாளைப் பார்த்துப் படிக்கிற வேகத்தில் படித்துவிட்டான்: "கோபாலன், விசாகம், வித்யா அர்ச்சனை."

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் தூணைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பூஜை செய்யும் மேல்சாந்தி உள்ளே திரும்பிவிட்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த வியாழனும் வந்தது. அதற்கடுத்த வியாழனும். தலைவர் பிஜுவிடம் கேட்டார். ஆப் வழியாக வந்தது, பேரும் நாளும் மட்டும்தான் என் தாளில் வரும் என்று பிஜு சொல்லிவிட்டான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தலைவரின் போன் வந்தது.

"எலே வேலப்பா, ஆளைக் களியாக்கிச் சிரிக்கிறதுக்கும் ஒரு அளவு உண்டும் கேட்டியா? எனக்க அக்கா மகன் நாளைக்கு வாறான். திருவனந்தபுரத்தில கம்ப்யூட்டர் கம்பெனியில ஆக்கும் அவனுக்கு வேலை. அந்த வெப்சைட்டத் தொறந்து உள்ள என்ன கிடக்குன்னு பாத்துச் சொல்லுவான். ஆளு மட்டும் கிட்டட்டு. கோயில்ல வேலை பாக்கிற ஆளா இருந்தா அன்னைக்கோட வீட்டுக்குப் போவலாம்."

போனை வைத்ததும் ஷைனியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து கோபாலன், விசாகம் என்று அடிக்கச் சொன்னேன். பிரவுசரில் ஒரு சாவியை அழுத்தினால் சர்வர் அனுப்பிய முழுப் பதிலும் அடியில் வந்து நிற்கும் அல்லவா, அதில் பார்த்தோம். எழுதியவர்: சுலோசனா. கூடவே போன் நம்பர். கூடவே நேரம், விடியற்காலை. ஷைனி இரண்டு கையையும் தலையில் வைத்தாள். அந்தப் பையன் வந்து உட்கார்ந்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் சுலோசனாவின் வேலை போய்விடும்.

பிள்ளைகளே, இனிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். என்ன கமாண்டு அடித்தோம் என்பது முக்கியமில்லை. அவசரத்தில் மனசில் என்னென்ன தோன்றியது, எதைத் தள்ளினோம் என்பதுதான் முக்கியம்.

எழுதியவர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், நம்பரில் கடைசி நாலு எண் இருக்கட்டும் என்றாள் ஷைனி. வேறு ஊரில் அது சரி. இங்கே கோயில் வாட்ஸாப் குரூப்பில் ஊரே இருக்கிறது. கடைசி நாலு எண்ணை அங்கே போட்டால், அது யார், அவர் அண்ணன் பெண் எடுத்தது எங்கே என்பதுவரை பதில் வரும். சரி, நம்பரையும் எடுப்போம் என்றாள். நேரம் இருக்கிறதே? அந்த நேரத்தில் கோயிலில் முழித்திருப்பது மேல்சாந்தியும் சுலோசனாவும்தான். மேல்சாந்தி போன் தொடவே மாட்டார். நேரத்தையும் எடுத்தாள். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன் என்றாள். காலியிடம் இருந்தாலே, இங்கே ஏதோ இருந்தது, நேற்று எடுத்துவிட்டார்கள் என்று சொன்னது போலத்தானே? அதையும் துடைத்தோம். ஒன்றை எடுக்க எடுக்க இன்னொன்று எட்டிப் பார்த்தது. கடைசியில் நான் சொன்னேன், எடுக்கிற வேலையே வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குவோம். இந்தப் பக்கத்தைப் பார்க்கிற ஆளுக்கு என்ன தேவை? பேர், நாள், வழிபாடு, தேதி. இந்த நாலை மட்டும் பதில் என்று எழுதி வைப்போம். நாளைக்கு டேட்டாபேஸில் புதிதாக எது சேர்ந்தாலும், இந்தத் தாளில் பேர் இல்லாதது வாசல் தாண்டக் கூடாது.

"அப்ப கவுண்டர்?" என்றாள் ஷைனி. "பிரசாதம் வாங்காதவங்களுக்குத் தானா மெசேஜ் போக கவுண்டர் கம்ப்யூட்டருக்கு நம்பர் வேணும், பிஜு கண்ணுல படாட்டாலும். ரெண்டுக்கும் ஒரே பதிலாக்கும் போவுது. இன்னைக்குக் கைவச்சா நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில கவுண்டர் படுத்திரும்."

அவள் சொன்னது நியாயம். அதனால் கவுண்டரைத் தொடவில்லை. அதற்குப் போகும் பதில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று பூட்டினோம். வெளியாருக்கு வேறு பாதை, வேறு பதில். சாயங்காலத்துக்குள் முடிந்தது. நான் உச்சிஷ்ட கணபதி முதல் குலதெய்வம் வரை எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஷைனி மாதாவைக் கூப்பிட்டாள். வேலை யாரால் நடந்தது என்று நாங்கள் இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

தீபாராதனைக்குக் கோயிலுக்குப் போனபோது சுலோசனாவைத் தனியே பார்த்து விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்வதே ஒரு சங்கடம்தான். ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் அவள் நிற்கக் கூடாது. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"களிக்கு எழுதினதுன்னா அண்ணே நெனச்சிய? பிள்ளைகளுக்கு எழுதினா புத்தி வருது. இவருக்கு வரப்பிடாதா? நான் சொன்னா சத்தம் போடுவாரு. சாமி சொன்னா பையச் சொல்லும், அவருக்கும் நாணக்கேடு இல்ல."

மைக்கில் பேர் வரும் என்பதை அவள் யோசிக்கவே இல்லையாம். முதல் வியாழன் அதைக் கேட்டு, துடைப்பத்தோடு கிணற்றுப் பக்கம் ஓடி ஒளிந்தாளாம்.

"இப்ப ஆருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்கும் ஷைனிக்கும்."

"சாமிக்கு?"

"அவருக்கு நம்ம சர்வர் தேவையில்ல சுலோசனா."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் அறையில் தலைவர், அவர் அக்காள் மகன் ஸ்ரீஜித், பிஜு, நான். ஸ்ரீஜித் நல்ல கெட்டிக்காரன். மடியில் லேப்டாப்பை வைத்து, நாங்கள் பார்த்த அதே இடத்தைத் திறந்தான். மேலும் கீழும் தேடினான். பேர், நாள், வழிபாடு, தேதி. "மாமா, இதில வேற ஒண்ணும் வரேல்ல. ஒழுங்காட்டு செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் பார்வையில், நேற்றுத்தானே செய்தீர்கள் என்ற கேள்வி இருந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும்.

தலைவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"உனக்குத் தெரியுமா, ஆளு ஆருன்னு?"

பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை, அதுவும் சன்னிதி நடை திறந்திருக்கும்போது. "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீ ஆருக்கு வேலை பாக்குதே? கமிட்டிக்குத் தலைவர் நான் ஆக்கும்."

"செரிதான் சார். ஆனா அந்த வழிபாடு தலைவருக்கு எழுதினதில்லயே. உள்ள இருக்கியவருக்கு எழுதினதாக்கும். நாங்க இடையில கொண்டு குடுக்கிற ஆளு."

அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி என் முகத்தைப் படிக்கத் தொடங்கினார். பழைய செயலாளரா? சொல்ல மாட்டேன். பிஜுவா? பிஜு எழுந்து நின்றுவிட்டான். சொல்ல மாட்டேன். பூக்கடைக்காரனா? சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. பூக்கடைக்காரன் பாவம், அவன் இல்லை என்று சொல்லிவிடலாமே என்று நாக்கு துடிக்கும். சொன்னால் தீர்ந்தது. நாலு பேருக்கு இல்லை என்று சொல்லி ஐந்தாம் பேருக்கு வாயை மூடினால், அது பேரைச் சொன்னதற்குச் சமம். சரியான ஊகத்துக்கும் தவறான ஊகத்துக்கும் ஒரே பதில், ஒரே குரல், ஒரே முகம். சர்வருக்கு முகம் இல்லாதது அதன் பாக்கியம். நான் என் முகத்தைச் சுவரில் இருந்த காலண்டர் கணபதியிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சுலோசனாவா?"

"சொல்ல மாட்டேன்."

அந்தக் குரல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. முந்தையதைப் போலவே வந்தது. பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தி, கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எனக்க வீட்டுக்காரியா?"

பிஜு குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடினான். ஸ்ரீஜித் லேப்டாப்பை மெதுவாக மூடி, "மாமியா இருக்கவும் சான்ஸ் உண்டு மாமா" என்றான். அவன் உதவி செய்யத்தான் சொன்னான் என்று நான் இப்போதும் நம்புகிறேன்.

"சொல்ல மாட்டேன்" என்றேன் நான்.

அதோடு விசாரணை நின்றது. பதில் வந்துவிடுமோ என்ற பயம் கேள்வி கேட்டவருக்கே வந்துவிட்டது.

ஆனால் வியாழக்கிழமை பேர் வருவது நிற்கவில்லை. நிறுத்திவிடேன் என்று நான் சுலோசனாவிடம் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை. யாரும் வாங்காமல் தலைவர் பேரில் இலைத்துண்டு கவுண்டரில் கிடந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அதனால் அவரே வந்து வாங்கத் தொடங்கினார். பரீட்சைப் பிள்ளைகளின் வரிசையில், முன்னால் ஒரு ரெட்டைச் சடை, பின்னால் ஒரு ஸ்கூல் பேக், நடுவில் தலைவர். ஒரு பிள்ளை, "தாத்தாவுக்கு எந்தப் பாடம் கஷ்டம்?" என்று கேட்டதாம். கணக்கு என்றாராம்.

அந்த வரிசை நிற்பது பூட்டிய வடக்கு வாசலை ஒட்டி. கம்பிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளும் அம்மாமார்களும் வந்து நின்று, பூட்டைப் பார்த்து, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி நடப்பதை அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆபீஸ் நாற்காலியிலிருந்து அது தெரியாது. வரிசையில் நின்றால்தான் தெரியும். ஒரு நாள் காலையில் வாசல் திறந்து கிடந்தது. ஆடு தாண்டாத உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு மட்டும் போட்டிருந்தார்கள். யார் கேட்டும் திறந்ததாகத் தலைவர் சொல்லவில்லை. காற்று வரட்டும் என்று திறந்தேன் என்றார்.

அந்த வாரம் மைக்கில் அவர் பேர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. நான் சந்தியா விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும் நேரம். திரும்பவும் ஆரம்பிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வேலப்பா, ரெண்டு வியாழன் ஆச்சு. எனக்க பேரு விளிக்கேல்ல."

"ஆமா சார்."

"ஆளு ஆருன்னு நீ சொல்லாண்டாம். நான் கேக்கவும் மாட்டேன். அந்த ஆளுக்குச் சுகக்கேடு ஒண்ணும் இல்லயே? அது மட்டும் சொல்லு மக்கா."

நான் யோசித்தேன். எந்தக் கேள்விக்கும் ஒரே முகம் காட்டிய ஆள் நான். இதற்கும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடலாம், பாதுகாப்பு. ஆனால் இந்தக் கேள்வியில் பிடிப்பதற்கு வலை இல்லை. பதில் சொன்னால் அந்த ஆள் ஆணா பெண்ணா, உள்ளா வெளியா, எதுவும் போகாது. கேட்கிறவருக்குத் தேவையான ஒன்று மட்டும் போகும். பதிலைக் குறைப்பது என்றால் வாயை மூடுவது என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் அதே அளவு தப்பு.

"சுகம்" என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அது போதும்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வியாழன் நான் கோயிலில் இருந்தேன். பிள்ளைகளின் பேருக்கு நடுவில் பிஜு மைக்கில் சொன்னான்: "கோபாலன், விசாகம், வித்யா அர்ச்சனை." ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசையில் பிள்ளைகள் வழக்கம்போல அவருக்கு இடம் விட்டார்கள். சுலோசனா திறந்த வாசல் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்து, நான் இல்லை என்பது போலக் கையை விரித்தாள்.

அப்படியானால் இந்தத் தடவை எழுதியது யார் என்று ஷைனி என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, எழுதியவர் பெயர் எனக்கும் வராதபடி செய்துவிடு என்று அவளிடம் நான் சொல்லியிருந்தேன். அவளும் ஒழுங்காகச் செய்திருந்தாள். கோபாலன், விசாகம் என்று நான் போட்டுப் பார்த்தேன், பேர், நாள், வழிபாடு, தேதி என்று நாலுதான் வந்தது.